கூட்டுச் சாகுபடிக்கு ஏற்ற நிலத்தொகுதி: நிலப்படங்களைக் கொண்டு கண்டறிவது எவ்வாறு?

நமது மாநிலத்தில் குடியானவர் ஒருவரின் கைவசமுள்ள நிலம் தலைமுறைக்குத் தலைமுறை குறுகிக்கொண்டே வந்திருப்பதை யாவரும் அறிவர். 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது, ஏறக்குறைய 1 ஏக்கர் 85 சென்ட். இதுவும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஏரிக்குக் கீழே 30 சென்ட், மேட்டுக்காட்டில் 1 ஏக்கர், ஓடைக்கு அப்பால் மூன்றாவது துண்டு என்று பாகப்பிரிவினைகளால் சிதறிக் கிடக்கிறது. 30 சென்ட் நிலத்தை நம்பிக் கிணறு வெட்ட இயலாது. வாடகைக்கு டிராக்டரை அழைத்தாலோ, உழுவதைக் காட்டிலும் வரப்போரத்தில் திரும்புவதிலேயே பொழுது கழிகிறது.

இக்குறையைப் போக்க, சிறு, குறு விவசாயிகளை ஒன்றுசேர்த்து, உழவு, விதை, நீர், விற்பனை ஆகியவற்றைக் கூட்டாக நடத்தும் முயற்சிகள் நம் மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்டுள்ளன. 2017-18இல் தொடங்கப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்தை இணைத்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு அமைக்கப்பட்டது. பண்ணை இயந்திரங்கள் வாங்குவதற்காகக் குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. 2021-22இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், குறைந்தது 8 விவசாயிகளுக்குச் சொந்தமாய், 10 முதல் 15 ஏக்கர் வரை தொடர்ச்சியாய்க் கிடக்கும் தரிசைத் தொகுதியாக்கி, முட்புதர் அகற்றி, நீராதாரம் ஏற்படுத்திச் சாகுபடிக்குக் கொண்டுவருவது முக்கிய அங்கமாக வைக்கப்பட்டது.

இத்தகைய வேலைகளில் முதற் கேள்வி, எந்த நிலம் என்பதாகும். ஆழ்துளைக் கிணறு இறக்கிய பின்பு இக்கேள்வியை எழுப்பிப் பயனில்லை. தவறான இடத்தில் அமைந்த தொகுதி இரண்டாம் ஆண்டிலேயே மீண்டும் முள்ளடர்ந்து போவதையும், அதன்பின் அவ்வூரில் கூட்டு முயற்சி என்ற சொல்லையே எவரும் காதில் வாங்காமற் போவதையும் நாம் கண்டிருக்கிறோம். செலவழிந்த பணத்தைப் பிறகொரு வரவுசெலவுத் திட்டத்தில் பெற்றுவிடலாம். குடியானவரின் நம்பிக்கையை அவ்வாறு பெற இயலாது.

உரிமை மாறுவதில்லை

மேலே செல்லுமுன் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவது நலம். நிலத்தை ஒன்றுசேர்ப்பது என்றவுடன், "எங்கள் எல்லைக் கல் போய்விடுமோ?" என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. பஞ்சாப் பிரதேசத்தில் 1920ஆம் ஆண்டுகளில் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகவும், பின்னர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் நடைபெற்ற நில ஒருங்கிணைப்பில், சிதறிய துண்டுகளைக் கொடுத்து ஒரே இடத்தில் நிலம் பெறும் பரிவர்த்தனை நிகழ்ந்தது. அங்கே எல்லைகள் மாறின, பதிவேடுகளும் மாறின. நாம் இங்கே கூறுவது அதுவன்று. பட்டா அவரவர் பெயரிலேயே இருக்கும். எல்லைக் கற்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். சாகுபடி வேலைகளும் நீராதாரமும் மட்டுமே பொதுவாகின்றன. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதை முதற் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை இடம் பார்த்த விதம்

பெரும்பாலான ஊர்களில் தொகுதிக்கு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது பழக்கத்தினால்தான். அதிகாரி ஜீப்பில் வருவார். சாலையோரத்தில் கண்ணுக்குத் தெரிந்த தரிசைக் காட்டுவார்கள். அதற்கடுத்த நிலம் ஊர்ப் பிரமுகருடையதாக இருக்கும். அவ்வாறு தேர்ந்த இடங்களில் சில நன்றாகவே அமைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குக்கிராமத்திற்கு அப்பால், ஓடையைத் தாண்டி, வண்டி போகாத மூலையில் கிடக்கும் நிலத்திற்கு அம்முறையில் என்றுமே முறை வராது. நிலப்படத்தின் முதற் சிறப்பு, அது எல்லாப் புல எண்களையும் சமமாகப் பார்ப்பதே.

படத்தின் மேல் படம்

நிலப்படக் கருவி என்றவுடன் ஏதோ மந்திரப் பெட்டி என்று எண்ண வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்தில் ஊர்ப் படத்தை வரைந்துகொள்வோம். இரண்டாவது காகிதத்தில் அதே அளவில் மண் வகைகளை வரைவோம்; களர் நிலத்தை மட்டும் கறுப்பாக்குவோம். மூன்றாவதில் நீர்நிலைகள், நான்காவதில் பாதைகள். நான்கையும் மூலைக்கு மூலை பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எங்கே ஒரு கறுப்பும் விழவில்லையோ அந்த இடம் நமக்கு வேண்டிய இடம். ஐயான் மக்கார்க் என்ற நில அமைப்பு வல்லுநர் 1969இல் வெளியிட்ட நூலில் இந்த வழியையே விரிவாக விளக்கினார். கானடா நாட்டில் 1960ஆம் ஆண்டுகளிலேயே ராஜர் டாம்லின்சன் என்பவர் இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். புவியியல் தகவல் முறை என்று இன்று வழங்குவதன் தொடக்கம் அதுவே. க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. வட்டார அலுவலகத்திலுள்ள சாதாரணக் கணிப்பொறியிலேயே அது இயங்கும். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் 'புவன்' இணையப் படங்களை 2009 முதல் எவரும் பார்க்கலாம்.

அடித்தளம் புலப்படமே

செயற்கைக்கோள் படம் கவர்ச்சியாக இருப்பதால் பலரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். நமது அபிப்பிராயத்தில் இது தலைகீழான முறை. கூட்டாகச் சேர்வது மண்ணன்று, மனிதர்கள்; மனிதர்களோடு நிலத்தைப் பிணைப்பது புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் ஆகும். ஆகையால் கிராம வரைபடமும் புலப்படமும் 'அ' பதிவேடும் முதலில் மேசைக்கு வர வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா விவரத்தையும் புலப்படத்தையும் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நமது பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்துக்கு 5 சங்கிலி என்ற அளவில் வரையப்பட்டவை. சங்கிலி பிடித்து, கல்லிலிருந்து கல்லுக்கு நேர்கோடு போட்டு, அக்கோட்டிலிருந்து ஒவ்வொரு வரப்பு முனைக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்து உண்டாக்கியவை புலப்படங்கள். ஒரு புலத்துக்குள் அவை வியக்கத்தக்க வகையில் சரியாக இருக்கின்றன. ஆனால் அந்தப் புலம் பூமியின் மேல் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அப்படங்கள் சொல்வதில்லை. ஆகவே அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்கும்போது, வரப்புகள் பக்கத்து நிலத்தில் ஏறி நிற்கும்.

இதைச் சரிசெய்ய ஊருக்குள் அசையாத சில புள்ளிகள் வேண்டும். மூன்று கிராம எல்லைகள் கூடும் முச்சந்திக் கல், ஏரியின் மதகு, பழைய கோயிற் கிணறு, சாலைப் பாலம் போன்றவற்றில் கருவியை வைத்து இடம் குறித்து, படத்தில் அதே புள்ளிகளோடு பொருத்த வேண்டும். கைப்பேசி காட்டும் இடக்குறிப்பு திறந்த வெளியில்கூடச் சில மீட்டர் பிழைபடும். இடம் தேடுவதற்கு அது போதும், எல்லை வழக்கிற்கு ஒருபோதும் போதாது. படத்தில் தெரியும் கோட்டைக் காட்டி, "உன் வரப்பு இவ்வளவு தள்ளி இருக்கிறது" என்று ஒருவர் மற்றொருவரிடம் வாதிடத் தொடங்கினால் கூட்டுச் சாகுபடி அன்றோடு முடிந்தது. எல்லையை அளக்கத் தகுதியுடையவர் நில அளவர் ஒருவரே என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவைப்பது நல்லது.

வானிலிருந்து பார்த்தால்

தரிசு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. நடப்பாண்டில் மட்டும் பயிரிடாமல் விட்டது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை விடப்பட்டது பிற தரிசு. ஐந்தாண்டுக்கு மேற்பட்டது சாகுபடிக்கு உகந்த தரிசு எனப்படும். நடப்புத் தரிசு மழை பொய்த்ததால் வந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அதன் உடையவரே உழுதுவிடுவார். தொகுதிக்கு நாம் தேடுவது மற்ற இரண்டையுமே. அடங்கலில் இவ்விவரம் இருக்க வேண்டும். இருப்பினும் எல்லா அடங்கலும் வயலில் நின்று எழுதப்பட்டவை அல்ல என்பதைக் கிராமத்தில் உள்ளவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சோதிக்கவே செயற்கைக்கோள் உதவுகிறது.

பச்சை இலையானது சூரிய ஒளியிலுள்ள சிவப்பைப் பெரும்பாலும் உட்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. வெறும் மண்ணில் இவ்விரண்டுக்கும் அத்துணை வேற்றுமை இல்லை. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1க்கும் +1க்கும் இடையே ஓர் எண் கிடைக்கும். இதைத் தாவரக் குறியீடு என்பர். வெறும் தரையில் இது 0.1, 0.2 என்ற அளவில் நிற்கும். செழித்த பயிரில் 0.6க்கு மேலே போகும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் செண்டினல்-2 கோள்கள் 2015 முதல் எடுத்துவரும் படங்களிலிருந்து இவ்வெண்ணை இலவசமாகக் கணக்கிடலாம். 2017இல் இரண்டாவது கோள் சேர்ந்த பின்னர் ஒரே இடத்தை 5 நாட்களுக்கு ஒருமுறை படமெடுப்பது சாத்தியமாயிற்று.

ஒரு நாளைய படத்தைப் பார்த்துத் தரிசு என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. ஆண்டு முழுவதும் எண் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மானாவாரிப் பயிர் நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஏறி, மாசியில் சரிந்து, சித்திரையில் தரைமட்டமாகிறது. பல ஆண்டுகளாக இந்த ஏற்றம் இல்லாமலே கிடந்தால் அங்கே உழவில்லை என்று கொள்ளலாம். ஆயினும் மழைக்குப் பின் தரிசிலும் கோரையும் களையும் முளைத்து, எண்ணைச் சற்றே உயர்த்திக் காட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைப்பதால் தெளிந்த படங்கள் அரிதாகவே கிடைக்கும். நமது பிரதேசத்துக்கு ஜனவரி மாத இறுதியில் மேகமற்ற படம் ஒன்று கிடைத்தால் அதுவே மிகவும் பயன்படுவது.

எல்லாவற்றிலும் கடினமானது சீமைக் கருவேலம். சித்திரை வெயிலிலும் அது பச்சையாகவே நிற்கிறது. வானிலிருந்து பார்க்கும் கோளுக்கு அது ஒரு தோட்டம்! ஜனவரிப் படத்தை மட்டும் நம்பினால், முழுதும் முள்ளடர்ந்த 10 ஏக்கரைச் செழிப்பான சாகுபடி நிலம் என்று எழுதிவிட நேரும். ஆகையால் ஏப்ரல் மாதப் படத்தையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரியிலும் பச்சை, ஏப்ரலிலும் அதே பச்சை என்றால் அது தென்னந்தோப்பாக இருக்கலாம், கிணற்றுப் பாசனமாக இருக்கலாம், சீமைக் கருவேலமாகவும் இருக்கலாம். தோப்பு என்றால் நட்ட வரிசை தெரியும். கிணற்றுப் பாசனம் என்றால் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே எண் ஒருமுறையாவது கீழே விழும். முள் விழுவதே இல்லை.

படத்தின் நுணுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. செண்டினல் படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஏக்கருக்கு இவ்வாறு 40 கட்டங்கள். 20 சென்ட் துண்டில் 8 கட்டங்களே அடங்கும். அவற்றிலும் ஓரத்துக் கட்டங்களில் பக்கத்து வயலின் பச்சை கலந்துவிடும். தனி ஒருவரின் சிறு துண்டைப் பற்றி இப்படம் தீர்ப்புச் சொல்ல முடியாது. 10 ஏக்கர்த் தொகுதியைப் பற்றிச் சொல்லும்.

சரிவு, மண், நீர்

நிலத்தின் ஏற்றத்தாழ்வை அறிய, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட உயர அளவுகள் பொதுவாகப் பயன்படுகின்றன. ஒரு கட்டம் 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர்ப் பிழையும் உண்டு. மேட்டுப்பாங்கான ஊர்களில் 100 அடிக்கு 3 அடிக்கு மேல் சரியும் நிலத்தைப் பிரித்தறிய இது போதும். அத்தகைய சரிவில் சம உயர வரப்பு இன்றி உழுதால் மேல்மண் ஓடிவிடும். டெல்டாப் பகுதியின் சமவெளியிலோ இதனால் பயன் மிகக் குறைவு.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாக மண் மாதிரி எடுக்கும் முறை வகுக்கப்பட்டது. 10 ஹெக்டேர் என்பது 25 ஏக்கருக்குச் சற்றுக் கீழ். நமது தொகுதியோ 10 முதல் 15 ஏக்கர். ஆகவே, அட்டையைக் கொண்டு வரைந்த மண் படத்தில் நமது தொகுதிக்குள் ஒரு மாதிரிகூட எடுக்கப்படாமல் இருக்கலாம். படம் "நல்ல மண்" என்று நிறம் காட்டினும், தொகுதிக்குள் நான்கைந்து இடங்களில் தனியே மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். கார அமில நிலை 8.5க்கு மேல் இருப்பின் களர் என்றும், மின்கடத்தும் திறன் 4க்கு மேல் இருப்பின் உவர் என்றும் கொள்வர். களருக்கு ஜிப்சம் வேண்டும். உவருக்கு நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதி ஜிப்சத்தைக் கொட்டுவது வீண்செலவு.

நீருக்கு முதலில் பார்க்க வேண்டியது குறுவட்டத்தின் நிலத்தடி நீர் வகைப்பாடு. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மாநிலத்தின் 1166 குறுவட்டங்களில் 462 குறுவட்டங்கள் ஊற்றைவிட அதிகமாக நீர் இறைப்பவை என்று வகைப்படுத்தப்பட்டன. அத்தகைய குறுவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பித் தொகுதி அமைப்பது, பக்கத்துக் குடியானவரின் கிணற்றில் கைவைப்பதே. அங்கே பண்ணைக்குட்டையும் மானாவாரிப் பயிருமே தகும்.

முதலில் விலக்கு, பிறகு மதிப்பெண்

அடுக்குகள் சேர்ந்த பின்பு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது வழக்கம். தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் வகுத்த முறையில், நீரா பாதையா, பாதையா மண்ணா என்று இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று கேட்டு எடை நிர்ணயிக்கிறார்கள். இக்கேள்விகளை அலுவலகத்தில் கேட்பதைவிடக் குடியானவர்களிடம் கேட்பது நல்லது. சலிப்பில்லாமல் பதில் சொல்வார்கள். பதில்களில் முரண்பாடும் குறைவாகவே இருக்கும்.

ஆனால் கூட்டல் நம்மை ஏமாற்றக்கூடியது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நீருக்கு 40, தொடர்ச்சிக்கு 25, மண்ணுக்கு 20, பாதைக்கு 15 என்று எடை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். முதல் இடத்தில் நீர் 1, தொடர்ச்சி 9, மண் 8, பாதை 9. இரண்டாம் இடத்தில் நீர் 6, தொடர்ச்சி 5, மண் 5, பாதை 4. எடையிட்டுக் கூட்டினால் முதலிடத்துக்கு 5.60, இரண்டாவதற்கு 5.25. தண்ணீரே இல்லாத இடம் வென்றுவிடுகிறது! சாலையோரத்தில் இருப்பதால் தண்ணீர் வந்துவிடுமா? ஆகவே எடையிடுவதற்கு முன்பே, இன்றியமையாதவற்றில் தவறிய நிலங்களை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால், மந்தைவெளி, ஓடை, வழக்கிலுள்ள நிலம், வெள்ளம் தேங்கும் பள்ளம், நீருக்கு வழியே இல்லாத மேடு ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. எஞ்சியவற்றுக்கு மட்டுமே மதிப்பெண்.

பிறகு தொடர்ச்சி. அடுத்தடுத்த உட்பிரிவுகளைச் சேர்த்து 10 ஏக்கருக்குக் குறையாத தொகுதிகளைக் கணிப்பொறி நொடியில் காட்டிவிடும். பரப்பு மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். ஓடைக்கரை ஓரமாக நீண்டு கிடக்கும் 12 ஏக்கருக்குக் குழாய் இழுக்கும் செலவும், காட்டுப்பன்றிக்கு வேலி போடும் செலவும், சதுரமாக அமைந்த 12 ஏக்கரைவிடப் பெருமளவு கூடும். நடுவே 60 சென்ட் வைத்திருப்பவர் சேர மறுத்தால் என் செய்வது என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது. வற்புறுத்தலாகாது. அவருடைய துண்டைப் படத்தில் தனி நிறமிட்டு, அதற்குப் பாதையும் நீரோட்டமும் தடைப்படாமல் தொகுதியின் எல்லையை மாற்றி வரைந்து காட்டலாம். நாம் பார்த்த ஊர்களில் இரண்டாம் போகம் கண்டபின் அத்தகையவர்கள் தாமாகவே வந்ததுண்டு. வராமலே இருந்ததும் உண்டு.

ஏன் தரிசு?

எங்கே தரிசு என்று படம் சொல்லிவிடுகிறது. ஏன் தரிசு என்று அது சொல்லாது. நமது அனுபவத்தில் முழு வேலையின் வெற்றி இந்த இரண்டாவது கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. கிணறு வற்றியதால் விட்ட நிலமும், உடையவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனதால் விட்ட நிலமும், அண்ணன் தம்பி வழக்கால் விட்ட நிலமும், வண்டிப்பாதை அடைபட்டதால் விட்ட நிலமும், பன்றித் தொல்லையால் விட்ட நிலமும் வானிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. பாதை அடைபட்ட நிலத்துக்கு ஆழ்துளைக் கிணறு வெட்டிக் கொடுத்தால் அதைக் குடியானவர் என்ன செய்வார்? ஆளின்றிக் கிடக்கும் நிலமே கூட்டுச் சாகுபடிக்கு மிகவும் உகந்தது. மண்ணிலும் நீரிலும் குறையில்லாமல் கை மட்டும் குறைந்த நிலம் அது.

மானாவாரிக் கிராமம் ஒன்றில், படத்தில் முதலிடம் பெற்ற 11 ஏக்கரை நேரில் பார்க்கச் சென்றோம். சமநிலம், நல்ல மண், பக்கத்தில் பாதை. உடன் வந்த பெரியவர் ஒருவர் நடுவில் நின்று, "ஐப்பசியில் இங்கே மாடு இறங்கினால் முழங்கால் புதையும், ஐயா. மேல ஏரி கலங்கல் வழிந்தால் தண்ணீர் இப்படித்தான் வரும்" என்றார். கலங்கல் வழிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆறாண்டுப் படங்களை வைத்து நடந்த தேர்வில் அது தெரிய வழியில்லை. அவர் காட்டிய வழியைப் படத்தில் நீல மையால் வரைந்தோம். ஊர்க்காரர்கள் அப்படத்தைப் பார்த்து இரண்டாமிடம் பெற்ற தொகுதியை எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் இல்லாதவர்கள்

தரிசு என்று நிறமிடப்பட்ட நிலத்தில் யாருமே இல்லை என்று எண்ணலாகாது. வாய்மொழிக் குத்தகைக்கு இரண்டு வருஷத்துக்கொருமுறை கொள்ளு விதைப்பவர் இருக்கலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ள இடமிருந்தும், பதியாதவர் பலர். ஆட்டுக்கிடை போடுபவரும், விறகு வெட்டிப் பிழைப்பவரும் உண்டு. இவர்களைக் கேளாமல் வேலி போட்டால், அவர்கள் பிழைப்பைப் பறித்து மற்றவர்களுக்குக் கொடுத்ததாகும். எல்லா நிலத்தையும் ஒரே ஆண்டில் அடைக்காமல், மேய்ச்சலுக்கு ஒரு பக்கம் வழிவிட்டு வேலை செய்தால் சச்சரவு குறையும். நிலமற்றவர்களைக் குழுவில் உழைப்புப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வதும் ஊர் தீர்மானிக்கக்கூடியதே.

மற்றொரு விஷயம் பட்டாவிலுள்ள பெயர். தாத்தா இறந்து முப்பது வருஷமாகியும் பட்டா அவர் பெயரிலேயே நிற்பது எங்கும் உள்ளது. கணவன் இறந்து நிலத்தைப் பார்த்துவரும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. குழுவில் கையெழுத்திடவும் மானியம் பெறவும் அவரால் இயலாமற் போகும். ஆகவே தொகுதிப் படத்தில் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் இரண்டு குறிகள் இடுவது நல்லது: பட்டாதாரர் உயிருடன் உள்ளாரா, இப்போது நிலத்தைப் பார்ப்பவர் யார் என்பன. இவை வேறுபடும் துண்டுகள் எவை என்று ஒரே பார்வையில் தெரிந்தால், வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே நாளில் விண்ணப்பம் கொடுக்கலாம். தனித்தனியே போனால் ஒருவருக்காக மற்ற ஏழு பேரும் காத்திருக்க நேரும்.

எப்பொழுது, எவ்வாறு

பஞ்சாயத்துகள் இவ்வேலையை ஆண்டுச் சுழற்சியோடு பொருத்திக்கொள்வது சௌகரியம். ஜனவரி இறுதிப் படத்தையும் ஏப்ரல் முதல் வாரப் படத்தையும் ஒப்பிட்டு, மூன்று அல்லது நான்கு தொகுதிகள் கொண்ட பூர்வாங்கப் பட்டியலை வட்டார அலுவலகத்திலும் வேளாண் விரிவாக்க மையத்திலும் கேட்டுப் பெறலாம். ஒரே இடம் காட்டிய பட்டியலை ஏற்க வேண்டாம். ஒப்பிட வழி இல்லாமற் போகும். மே 1 கிராம சபையில் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, புல எண்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவில் தெரியுமாறு சுவரில் மாட்ட வேண்டும். கைப்பேசியில் காட்டிப் பயனில்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு அது தெரியாது. பென்சில் ஒன்றையும் அருகில் கட்டித் தொங்கவிட்டால், ஓடை வழி, அடைபட்ட பாதை, பாழுங்கிணறு ஆகியவற்றை ஊராரே குறித்துவிடுவார்கள்.

கோடையில் ஒருமுறையும் முதல் நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறையும் அவ்விடங்களை நடந்து பார்க்க வேண்டும். மழைக்கு மறுநாள் நடப்பவர் எவரும் இலர். பள்ளமும் வடிகாலும் அன்றுதான் தெரியும். மண் மாதிரிகளை ஆனியில் எடுத்துவிட்டால், ஆகஸ்டு 15 கிராம சபையில் பரிசோதனை முடிவோடும் பட்டாதாரர் ஒப்புதலோடும் தீர்மானம் வைக்கலாம். அதன்பின் முள் வெட்டி வேரோடு அகற்றி, புரட்டாசிப் பட்டத்துக்குமுன் முதல் உழவு ஓட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் கையில் இருக்கும்.